கிட்டாருக்குள் போன என் வலது கை

மாமி வீட்டில் குடியிருக்கும் மூத்த மருமகனுக்கு உலகத்தில் ஒரே எதிரிதான்: இளைய மருமகன். இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுதத்தான் துணிவு வருகிறது.

பன்னிரண்டு வருடம் அந்த வீட்டின் ஒரே மருமகனாக இருந்தேன். ஆணம் காய்ச்சினால், குழம்பிலிருக்கும் மீன் தலை எனக்குத்தான் வரும். பிறகு என் மனைவியின் தங்கையைக் கலியாணம் முடித்துக்கொண்டு ரிஸ்வி வந்தார், கையில் ஒரு பழைய கிட்டாருடன். என் ரேடியோவுக்கு, "சத்தத்தக் குறைங்க மகன்" என்கிற மாமி, அவர் கிட்டார் வாசித்தால் தேத்தண்ணியோடு பக்கத்தில் போய் உட்காருவார். மீன் தலையும் அந்தப் பக்கமே போய்விட்டது.

ஒரு நாள் கிட்டார் கரகரத்தது. உள்ளே முன்பலகையைத் தாங்கும் மெல்லிய சட்டமொன்று கழன்று, பலகை பப்படம்போல் பொங்கியிருந்தது. கொழும்புக்கு அனுப்பப் போவதாக ரிஸ்வி சொன்னார்.

நான் கதவு, ஜன்னல் செய்கிற ஓடாவி. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். அன்று திறந்தேன்.

"என்னத்துக்குக் கொழும்பு? நாளைக்குப் பகலைக்குள்ள நான் செஞ்சி தாறன்."

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். (எத்தனை மாதத்துக்குப் பிறகு!)

மறுநாள் பகல் சம்மாந்துறையிலிருந்து ரிஸ்வியின் வாப்பா ஆட்கள் விருந்துக்கு வருகிறார்கள். அவர்கள் முன்னால் கிட்டாரை நீட்டி, இழந்த மரியாதையை மீட்க வேண்டும். மரப்பசை காய ஒரு நாளாகும். ஆகவே சுப்பர் குளூ வாங்கினேன். என்னிடமிருந்த கிளாம்புகள் எல்லாம் கதவுக்கானவை, கிட்டாரின் ஓட்டைக்குள் ஒன்றும் நுழையாது. என் கை நுழைந்தது. விருந்தன்று காலை கம்பிகளைக் கழற்றிவிட்டு, சட்டத்தை மூன்று விரலால் அழுத்திப் பிடித்து நூறு வரை எண்ணினேன்.

சட்டம் அருமையாக ஒட்டியது. விரல்களும்.

மனைவி ஓடி வந்தாள். "இஞ்சருங்க, ஆக்கள் வந்திட்டாங்க. அத வெச்சிட்டு வாங்க."

"வைக்க ஏலாது."

"ஏன்?"

"என்னோடயே வருது."

ஆறு பேர் ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். நெய்ச்சோறு மணத்தது. வலது கை கிட்டாருக்குள். இடது கையைச் சஹனில் வைக்க முடியுமா? பசியில்லை என்றேன். வயிறு இரைந்தது. மடியிலிருந்த கிட்டார் அதை வாங்கி நன்றாக முழங்கியது.

சம்மாந்துறையே சிரித்தது. ரிஸ்வி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கவளம் உருட்டி, அண்ணன் முறை சொல்லி, "காக்கா, வாயத் திறங்க" என்றார். கேலி செய்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். கடைசிக் கவளம்வரை பொறுமையாக ஊட்டினார்.

"என்ன தங்கமான புள்ள!" என்று மாமி கண் கலங்கினார். என்னைப் பார்த்தல்ல.

பிறகு ரிஸ்வியின் மனைவி நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை உள்ளே ஊற்ற, விரல்கள் வந்தன. சட்டமும் கூடவே வந்தது. கிட்டார் கொழும்புக்குப் போனது.

இன்றைக்கும் சஹன் வைத்ததும் மாமி கேட்பார்: "மூத்த மருமகன்ட கை வெளியதானே இரிக்கு?"

"ஓம் மாமி" என்று தூக்கிக் காட்டுவேன். வீடே சிரிக்கும். ரிஸ்வி மட்டும் முதல் கவளத்தை என் வாய்க்கு நீட்டுவார். நல்ல மனிதர். எனக்கு இன்னும் அவரைப் பிடிக்கவில்லை.