நண்டு அறை

“உங்கட நண்டு அறை வாற சனிக்கிழமை இருக்கா?” என்று தொலைபேசியில் ஒரு பெண் கேட்டாள்.

சோமசேகரம் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். “எங்களிட்ட அப்பிடி ஒரு அறை இல்லையே, பிள்ளை.”

“இணையத்தளத்தில போட்டிருக்கே. பெரிய நண்டுப் படம். கீழ ‘இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம்’ எண்டு எழுதியிருக்கு.”

தொலைபேசியை வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். நண்டுதான். சட்டி நிறையக் கறியோடு கிடந்தது. அதற்கும் கீழே, ‘சுடுதண்ணீர் வசதியுள்ள குளியலறை’ என்ற தலைப்பில் அவரே வேட்டி கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

இவ்வளவுக்கும் மனிதர் செய்யப் பார்த்தது ஒரேயொரு வேலை. ஓர்ஸ் ஹில்லில், உள்துறைமுகம் தெரிகிற தன் வீட்டு மேல்மாடியில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விட்டிருந்தார். போன மாதம் வீட்டுக்குப் பச்சை பூசினார். தளத்தில் வீடு இன்னமும் நீலம். நீல வீட்டைத் தேடிவந்த ஒரு குடும்பம் அவர் வாசலை இரண்டு தரம் தாண்டிப் போய்விட்டு, கடைசியில் அடுத்த ஒழுங்கையில் வேறொரு விடுதியில் இறங்கிவிட்டது. இதைப் பார்த்துக்கொண்டு யார்தான் சும்மா இருப்பார்கள்?

தளத்தைச் செய்தவள் மகள் கௌசிகா. “கோடிங் ஒண்டும் தெரியத் தேவையில்லை அப்பா, இழுத்து விட்டால் சரி” என்று காட்டித் தந்தவள். மூன்று வருஷத்துக்கு முன், கட்டினால் சிவரூபனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். சிவரூபன் சுற்றுலாக்காரரைக் கடலுக்கடியில் கூட்டிப்போய் மீன் காட்டுகிறவன். சோமசேகரமோ அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பத்தொரு வருஷம் கோப்புப் பார்த்த மனிதர்.

“தண்ணிக்குள்ள நிக்கிறவனுக்கு நான் பொம்பிளை தரமாட்டன். போறதெண்டா போ. திரும்ப இந்தப் படலையை மிதியாத” என்றார்.

போய்விட்டாள். எங்கே, கனடாவுக்கா? நிலாவெளிக்கு. பஸ் ஏறினால் அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தை மூன்று வருஷமாகியும் அவரால் கடக்க முடியவில்லை. மனைவி அதற்கு முன்னமே காலமாகிவிட்டாள். தினமும் பின்னேரம் பஸ் நிலையம் வரை நடந்துபோய், நிலாவெளி பஸ் புறப்படுகிற வரைக்கும் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். யாராவது கேட்டால் உடற்பயிற்சி என்பார்.

ஆகவே தளத்துக்குப் பச்சையைத் தானே பூசத் தொடங்கினார். முதல் அழுத்தலில் பின்னணி பச்சையாயிற்று. அடுத்ததில் எழுத்தும் பச்சையாயிற்று. பிறகு தளத்தில் ஒன்றுமே தெரியவில்லை, ஒரே வயல்.

திரையின் ஓரத்தில் ‘குறிப்பு எழுதுக’ என்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது. இந்தக் காலத்தில் எதைக் கேட்டாலும் மெஷினே பதில் எழுதும் என்று பேப்பரில் வாசித்திருந்தார். கச்சேரி வழக்கப்படி எழுதினார்: ‘மேற்படி தளத்தின் எழுத்துகள் காணாமற்போயுள்ளமை தொடர்பாக.’

பத்து நிமிடத்தில் ‘அட்மின்’ என்ற பெயரில் பதில் வந்தது: ‘எழுத்தின் நிறத்தைத் தெரிவுசெய்து கறுப்பாக்குங்கள்.’

“இதுக்குத் தமிழ் தண்ணி பட்ட பாடாக் கிடக்கே” என்று வியந்துபோனார். அன்றிலிருந்து அட்மின் அவருக்குத் தம்பி.

தம்பி சொன்னபடி கறுப்பாக்கினார். பின்னணி கறுத்தது. பிறகு அட்மின் வீட்டுப் படத்தை மாற்றச் சொன்னது. மாற்றப் போனதில் எல்லாப் படங்களும் இடம் பெயர்ந்தன. கட்டில் சாப்பாட்டுப் பக்கத்துக்குப் போனது, நண்டு படுக்கையறைக்கு வந்தது.

இப்போது தொலைபேசியிலும் ஆள் கேட்டுவிட்டதே. அவசரமாக எழுதினார்: ‘தம்பி, நண்டை இறக்க ஏலாமல் கிடக்கு.’

‘எல்லாவற்றையும் ஒரேயடியாக இழுக்காதீர்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு ஆறுதலாகச் செய்யுங்கள்.’

தேத்தண்ணி குடி என்று அவரிடம் ஒரு ஆள் சொல்லி எவ்வளவு காலம். மனிதர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து திரும்ப உட்கார்ந்தார். மெஷினுக்கு முன்னால் என்ன வெட்கம்?

‘தம்பி, இது என்ட மகள் செய்தது. நான் தொடத் தொடப் பழுதாகுது. அவள் வைச்ச மாதிரி ஒண்டும் மிச்சமில்லை. எனக்குப் பச்சையும் வேண்டாம்.’

மூன்று புள்ளிகள் தோன்றின, மறைந்தன, திரும்பத் தோன்றின.

‘மகளிடமே கேட்கலாமே?’

‘எந்த முகத்தோட கேக்கிறது? நான்தான் போ எண்டு சொன்னனான். ஒவ்வொரு நாளும் பஸ் நிலையம் மட்டும் போறனான், ஏறத்தான் கால் வருதில்லை. பிழை என்னிலதான். அவளைப் பார்க்காமலே செத்துப்போயிடுவனோ எண்டு பயமாக் கிடக்கு. இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்.’

பதில் இல்லை. ஒரு மணித்தியாலம் காத்திருந்தார். மறுநாள் விடிந்தும் பார்த்தார், இல்லை. தளம்தான் போயிற்றென்றால் மெஷினையும் உடைத்தாயிற்று என்று நொந்துகொண்டு, மடிக்கணினியைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு, நகரத்தில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிற பஹ்மியாவிடம் போனார்.

“பிள்ளை, நண்டு கிடந்தால் கிடக்கட்டும். இந்த அட்மினைத் திருத்தித் தாங்கோ. நல்ல பெடியன். நான் கொஞ்சம் மனம் விட்டுக் கதைச்சனான், அதில இறுகிப்போச்சுப் போல.”

“என்ன கதைச்சீங்க, சேர்?”

“அது சும்மா வீட்டுக் கதை. நீங்க பெட்டியை மட்டும் பாருங்கோ.”

பெட்டியைப் பார்க்க வாசிக்கத்தானே வேண்டும். பஹ்மியா மேலிருந்து வாசித்துக்கொண்டே வந்தாள். முதலில் நண்டு வந்த இடத்தில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் எழும்பி, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருக்கச் சொன்னாள்.

“மெஷின் சரிவருமா, பிள்ளை?”

“சேர், இந்தத் தளத்தில மெஷின் ஒண்டும் இல்லை, நீங்க இந்தப் பெட்டியில எழுதினது எல்லாம் இதைச் செய்த உங்கட மகளுக்குத்தான் போயிருக்கு.”