பரணில் முந்நூறு கிலோமீட்டர்

கண்ணாடிக்கடைக்காரருக்கு வந்திருந்த வியாதியின் பெயர் பொறாமை. அவராக ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதால் நாமே முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிட்டவர் அவர். ஆனால் மேல்வீட்டுப் பல் டாக்டரை மட்டும் எந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தும் அவரால் சகிக்க முடியவில்லை.

காரணம் ஒரு சைக்கிள். டாக்டர் தன்னந்தனியாக ஆறு நாள் சைக்கிளில் ஊர் சுற்றிவிட்டு வந்தார். வந்தவர் பேசாமல் மாடிப்படி ஏறியிருக்கலாம். கீழ்வீட்டுக் கதவைத் தட்டி ஃபோட்டோ காட்டினார். மலைச்சரிவில் டாக்டர், ஏரிக்கரையில் டாக்டர், கலங்கரை விளக்கத்தடியில் டாக்டர். எல்லாப் படத்திலும் முப்பத்திரண்டு பல்லும் ஆஜர். கண்ணாடிக்காரரின் மனைவி ஒவ்வொரு படத்தையும் மூன்று தடவை பார்த்தாள். அவர் அதையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டாளா? சாப்பிடும்போதும் அந்தப் பேச்சு, துணி மடிக்கும்போதும் அந்தப் பேச்சு.

"தனியாவாங்க! பஞ்சர் ஆனா அவரே ஒட்டிக்கிறாராம்!"

"நானுந்தான் தனியா எவ்வளவோ பண்றேன்."

"என்ன பண்றீங்க?"

யோசித்துப் பார்த்தார். "மத்தியானம் கடையில தனியாத்தானே தூங்குறேன்?"

அவள் சிரித்த சிரிப்பு அவர் வயிற்றில் அடுப்பு மூட்டியது. தண்ணீர் டம்ளரை மேஜையில் ஓங்கி வைத்தார்.

"வர்ற திங்கட்கிழமை நானும் கிளம்பறேன். நாலு நாள். முந்நூறு கிலோமீட்டர். தன்னந்தனியா! திரும்பி வந்தப்புறம் இந்த வீட்டுல அந்தப் பல்லுக்காரன் பேச்சே இருக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம். ஆனா சைக்கிள் மீட்டர்ல முந்நூறு காட்டணும்."

"காட்டுறேன்."

"நாலு நாள் போதுமா? அஞ்சு நாளா இருந்துட்டு வாங்களேன்."

இதுதான் சுருக்கென்று தைத்தது. போகாதீங்க என்று கையைப் பிடிப்பாள், கண்ணைக் கசக்குவாள், போனால் போகிறதென்று தங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அவளோ அலமாரியிலிருந்து பையை எடுத்து அவருடைய சட்டைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். பெண்டாட்டி அழாமல் வழியனுப்பினால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்பது அவர் கட்சி.

திங்கட்கிழமை காலையில் புதுச் சைக்கிள், புதுத் தொப்பி, புதுக் கையுறை சகிதம் கிளம்பினார். பையின் அடியில் கடையிலிருந்து எடுத்து வந்த பைனாகுலர். காட்சி பார்க்கத்தான். மேலே பால்கனியிலிருந்து டாக்டர் கையசைத்தார்.

"நிம்மதியாப் போயிட்டு வாங்க சார்! வீட்டைப் பத்திக் கவலையே வேண்டாம். நான் இருக்கேன்!"

அந்த 'நான் இருக்கேன்' அவர் காதில் நாலு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒலித்தது. ஐந்தாவது கிலோமீட்டரில் பாலம் வந்தது. பாலம் என்றால் மேடு. பாதி மேட்டில் கெண்டைக்கால் நரம்பு சுண்டி இழுத்தது. நெஞ்சில் சந்தேகம் சுண்டி இழுத்தது. இரண்டும் ஒரே திசையில்தான் இழுத்தன. அவர் சைக்கிளைத் திருப்பினார். திருப்பியது சந்தேகம்தான், கால் இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறார்.

அவர் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு சைக்கிள் ரிப்பேர் கடை. பின்சந்து வழியாக அதற்குள் நுழைந்தார்.

"என்னண்ணே, எதையாவது மறந்து வெச்சுட்டுப் போயிட்டீங்களா?" என்றார் மெக்கானிக்.

"சம்சாரத்தை வெச்சுட்டுப் போயிட்டேன்யா."

கடைக்கு மேலே பழைய டயர்கள் போட்டுவைக்கும் பரண் ஒன்று இருந்தது. அதில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக அவர் வீட்டு வாசல், கூடம், பால்கனி எல்லாமே தெரியும். ஐந்து நிமிஷத்தில் ஒப்பந்தம் முடிந்தது. மீட்டரைப் பின்சக்கரத்துக்கு மாற்றி, சைக்கிளைக் கொல்லைப்புறத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்துவது. முந்நூறு வரும்வரை பெடலைச் சுற்றுவது.

"முந்நூறும் நானாண்ணே சுத்தணும்?"

"நான் சுத்தினா வீட்டை யாருய்யா பார்க்குறது?"

ஆக, சைக்கிள் கீழே நின்ற இடத்திலேயே ஓடிற்று. கண்ணாடிக்காரர் மேலே டயர்களுக்கு நடுவே உட்கார்ந்து சுற்றுப்பயணம் செய்தார்.

சாயங்காலம் ஐந்து மணி. வீட்டு வாசலில் டாக்டர். தோளில் ஒரு பை. கதவு திறந்தது, பல் தெரிந்தது, கதவு மூடியது, திரை விழுந்தது. ஒரு மணி நேரம்! பைனாகுலரில் சிரிப்புச் சத்தம் கேட்காது. அவருக்குக் கேட்டது.

தடதடவென்று ஏணியில் இறங்கினார். கடைசிப் படியில் கால் நின்றுவிட்டது. வெளியே போனால் அவர் ஊருக்கே போகவில்லை என்பது அம்பலமாகும். உள்ளேயே இருந்தால் அங்கே என்ன நடக்கிறதோ! இருதலைக்கொள்ளி எறும்பாகக் கொஞ்ச நேரம் ஏணியிலேயே தொங்கினார். பிறகு மேலேயே ஏறிவிட்டார். இருபது வருஷக் கடைப்பழக்கம், பதற்றம் வந்தால் கை தானாகக் கண்ணாடி துடைக்கும். பைனாகுலரை ஊதினார், மஞ்சள் துணியால் துடைத்தார், துணியை ஜன்னலுக்கு வெளியே இரண்டு உதறு உதறினார். மறுபடி பார்த்தார். மறுபடி ஊதினார்.

செவ்வாயும் ஐந்து மணிக்கு டாக்டர். புதனும் டாக்டர். அவர் கண்ணுக்குக் கீழே பைனாகுலர் பதிந்து கறுப்பாக இரண்டு வளையம் விழுந்தது.

அந்தச் சிறைவாசத்தில் ஒரே ஆறுதல் சாப்பாடு. மெக்கானிக் வேளை தவறாமல் தட்டில் கொண்டுவந்து வைத்தார். உருளைக்கிழங்கு வறுவல் மொறுமொறுவென்று இருந்தது.

"உன் சம்சாரத்துக்குக் கைப்பக்குவம்னா கைப்பக்குவம்யா! என் வீட்டுக்காரி இங்க வந்து கத்துக்கணும்."

மெக்கானிக்குக்குக் கொஞ்சம் புரையேறியது. "சொல்லிடறேண்ணே."

வியாழன் மாலை மீட்டர் முந்நூற்றுப் பன்னிரண்டு காட்டியது. மெக்கானிக்கின் முழங்கால் வீங்கியிருந்தது. கண்ணாடிக்காரர் முழங்காலுக்குக் கீழே சேறு பூசிக்கொண்டார், முகத்தில் தண்ணீரைத் தெளித்து வியர்வை உண்டாக்கினார், பின்சந்தைச் சுற்றிக்கொண்டு தெருமுனையிலிருந்து மணியடித்தபடி வந்து இறங்கினார்.

கூடத்தில் டாக்டர் உட்கார்ந்திருந்தார்! மேஜைமேல் ஒரு ரப்பர் டியூப், பசை, உப்புத்தாள், விரித்த வரைபடம்.

"இவரு இங்க என்ன பண்றாரு?"

"முதல்ல மீட்டரைக் காட்டுங்க" என்று மனைவி வாசலுக்குப் போனாள். "அடேயப்பா, முந்நூத்திப் பன்னெண்டு! டாக்டர், புதுச் சைக்கிள் நல்லா ஓடிப் பழகிடுச்சு. இனி நம்பிப் போகலாம் இல்ல?"

"தாராளமாப் போகலாம்" என்றார் டாக்டர், எல்லாப் பல்லோடும்.

"யாரு போறது?"

"நான்தான். நாளைக்குக் காலையில. தனியா, அஞ்சு நாள். லீவு கூட எழுதிக் குடுத்துட்டேன்."

கண்ணாடிக்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "நீ... எதுக்கு?"

"பதினோரு வருஷமாத் தபால் ஆபீஸ்ல ஊர் பேரைப் படிச்சுப் படிச்சுப் பெட்டியில போட்டுக்கிட்டிருக்கேன். ஒரு ஊரையாவது கண்ணால பார்க்க வேண்டாமா? அந்தப் படத்தை எல்லாம் மூணு தடவை பார்த்தேனே, நான் பார்த்தது ஏரியைங்க. டாக்டரை இல்ல."

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே!"

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டார். அது அவருக்கே தெரியும். பேச்சை மாற்றினார்.

"நடுவழியில பஞ்சர் ஆனா?"

"அதுக்குத்தானே நாலு நாளா டாக்டர்கிட்டப் பாடம். நீங்கதான் பார்த்துக்கிட்டே இருந்தீங்களே."

"நானா? நான் ஏரிக்கரையில..."

"ஏரிக்கரையிலதான் கால்மணிக்கு ஒரு தடவை மஞ்சத் துணியை உதறினீங்களா? தெருவே பார்த்துச்சு. நான்தான் யாரும் மேல ஏறி உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சொல்லி வெச்சேன். நீங்க இறங்கிட்டா எனக்கு யாரு சைக்கிளை ஓட்டிப் பழக்கிக் குடுப்பாங்க?"

டாக்டர் நல்ல மனிதர். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார். கண்ணாடிக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாது அல்லவா? எழுந்து நின்றார். சேற்றுக்காலை உதறினார்.

"போம்மா, ராணியாப் போயிட்டு வா! நீ இல்லேன்னா நான் பட்டினி கிடப்பேன்னு நினைச்சியா? அஞ்சு நாளும் மெக்கானிக் வீட்டுலதான் சாப்பாடு. அந்தம்மா கைப்பக்குவம் உனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது!"

மனைவி வரைபடத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். அவருடைய தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சரிபார்த்தாள்.

"அந்தம்மா அவங்க அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாச்சுங்க. நீங்க சாப்பிட்ட கைப்பக்குவம் நாளைக்கு என்கூடச் சைக்கிள்ல வருது."