இருபத்து மூன்று பயங்களைக் கொளுத்திய கதை

பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைக்கிறேன் என்று யாராவது வந்தால், அவர் பையில் தீப்பெட்டி இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். என் பையில் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முந்தைய கதை. திருநாவலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியர். பொதுத் தேர்வுக்குப் பயப்படும் பிள்ளைகளைத் தேற்றுவது எப்படி என்று கள்ளக்குறிச்சியில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். போக வேண்டிய கணக்கு வாத்தியார் கடைசி நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். (மறுநாள் சாயங்காலமே ஷட்டில் ஆடினார், அது வேறு விஷயம்.) அவருக்குப் பதில் நான் போனேன். திரும்பி வந்தபோது, பிள்ளைகளின் பயமெல்லாம் இத்தனை நாளும் எனக்காகத்தான் காத்திருந்தது என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டது. உப்புமாவில் உப்பு கம்மி என்பதைக்கூட ஆழ்மனத்திலிருந்து ஆரம்பித்துத்தான் மனைவியிடம் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து, கல்வராயன் மலையில் கரியாலூரைத் தாண்டி இருக்கும் ஒரு சின்னப் பள்ளியின் தலைமையாசிரியை, நான் பயிற்சிக்குப் போய் வந்ததைக் கேள்விப்பட்டுப் போன் செய்தார்.

"பவித்ரான்னு ஒரு பொண்ணு சார். நல்லா படிக்கிற புள்ள. மூணு நாளா சோறு தங்கல, பரிச்சைக்கே வரலன்னு அழுதுக்கினு கெடக்குது. எழுதலன்னா மொளகு பறிக்க கேரளாவுக்கு இட்டுக்கினு போயிடுவேன்னு அவங்கம்மா சொல்றாங்க. நாளைக்கு ஹால் டிக்கெட் வாங்க எல்லாரும் வருவாங்க. நீங்க வந்து நாலு வார்த்த சொல்லுங்க சார்."

நாலு வார்த்தையா? நான் நாற்பது பக்கக் கையேட்டோடு கிளம்பினேன். மலை ஏறும் பஸ்ஸில் மூன்றாவது வளைவிலேயே காலைச் சிற்றுண்டி வெளியே வந்துவிட்டது. அந்தக் கலவரத்தில், பிள்ளைகளுக்காக வாங்கிய வெள்ளைத்தாள் கட்டை சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

வகுப்பில் இருபத்து மூன்று பேர். படிப்பு விடுமுறை என்பதால் ஒருவரிடமும் பையோ நோட்டோ இல்லை, சட்டைப் பாக்கெட்டில் ஒரு பேனாவோடு சரி. தலைமையாசிரியை அப்போதுதான் ஹால் டிக்கெட்டுகளைக் கொடுத்துவிட்டு ஆபீஸ் அறைக்குப் போயிருந்தார். மறுநாள் காலை தமிழ்த் தேர்வு. பவித்ரா கடைசி பெஞ்சில், முகம் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் மூச்சுப் பயிற்சி. மூக்கால் இழுத்து, நாலு எண்ணி, வாயால் விடுவது. நன்றாகவே போனது. அடுத்தது கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த பயிற்சி: மனதில் இருக்கும் பயத்தை எழுதி, நாலாக மடித்து, தீயில் போட வேண்டும். என்ன எழுதுகிறார்கள் என்று ஆசிரியர் பார்க்கவே கூடாது. தாளை மறந்து வந்தேன் என்று சொல்ல என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"கையில என்ன தாள் இருக்கோ அதுல எழுதுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"சார், இதுலயேவா சார்?" என்று முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"கேள்வி கேக்காதீங்க. மனசுல வர்றத எழுதுங்க." (கேள்வி கேட்கும் பிள்ளைதான் உருப்படும் என்று வருஷா வருஷம் ஆசிரியர் தினத்தில் பேசுகிறவன் நான்.)

சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு பழைய அலுமினியச் சட்டியைக் கேட்டு வாங்கி, கற்பூரம் வைத்து வராந்தாவில் பற்ற வைத்தேன். பிள்ளைகள் வரிசையாக வந்து மடித்த தாள்களைப் போட்டார்கள். நான் உத்தமனாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். தாள் ஒவ்வொன்றாகக் கருகும் வாசனை வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சத்துணவு சமைக்கும் அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பங்குனி மாசத்துல போகி கொண்டாடறீங்க?" என்றவர், சட்டிக்குள் குனிந்தார். "இதுல புள்ளைங்க போட்டோ எரியுதே சார்."

பார்த்தேன். ஒரு பையனின் பாதி முகம், பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள். மீதியெல்லாம் சாம்பல். அத்தனை பேரும் ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார்கள்.

எனக்குக் காது அடைத்தது. வராந்தாத் தூணைப் பிடித்தேன், தூணும் சுற்றியது. இருபத்து மூன்று பேரின் பத்தாம் வகுப்பு, என் வேலை, நாளைய பேப்பரில் என் போட்டோ எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்தன. அப்போது யாரோ என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பவித்ரா.

"சார், மூக்கால இழுங்க. நாலு எண்ணுங்க. இப்ப வாயால வுடுங்க."

மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று ஒன்று, இரண்டு என்று கோரஸாக எண்ணினார்கள். ஒரு பையன் என் கையேட்டால் விசிறினான். நான் மூச்சு விட்டேன்.

தலைமையாசிரியை வந்தார், சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. "திருப்பி டவுன்லோடு பண்ணிக்கலாம் சார். ஆனா இங்க நெட்டும் கெடையாது, பிரிண்டரும் கெடையாது. ஏறுங்க வண்டில" என்றார்.

அவருடைய ஸ்கூட்டியின் பின்னால், பெயர்ப் பட்டியலை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளிமலையில் கரண்ட் இல்லை. அப்படியே மலை இறங்கி கச்சிராயபாளையம் போனோம். அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஒவ்வொரு ஹால் டிக்கெட்டாக வெளியே வர வர, பிறந்த குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினேன். வெயில் தாழ மேலே வந்தபோது ஒரு பிள்ளைகூட வீட்டுக்குப் போயிருக்கவில்லை. தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என்னைத் தொடவிடவில்லை.

மறுநாள் நான் வகுப்பே எடுக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் அழைப்பு வந்தது. "இருபத்து மூணு பேரும் எழுதிட்டாங்க சார். இருங்க, பவித்ரா பேசணும்னுது."

"சார், நல்லா எழுதினேன் சார். நேத்து எரிஞ்சதப் பாத்ததும் பரிச்சையே போச்சுன்னு நெனச்சேன். ஒண்ணும் போவல. அப்புறம் இன்னாத்துக்கு சார் பயப்படறது?"

ஆசிரியர் அறை என்றும் பாராமல் அழுதுவிட்டேன். அவ்வளவு நிம்மதி. கணக்கு வாத்தியார் டீ வாங்கிக் கொடுத்தார்.

இந்த வருஷம் என் மகள் பத்தாவது. ஹால் டிக்கெட் கொடுத்த அன்று வீட்டில் தேடினேன், கண்ணிலேயே படவில்லை. கேட்டதற்கு, எதிர் வீட்டு அத்தையின் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, தேர்வன்று அவர்களே கையில் கொடுப்பார்கள் என்றாள்.

அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஜெராக்ஸ் ஒண்ணு எடுத்து ஃப்ரிட்ஜ் மேல வெச்சிருக்கேங்க. ரொம்ப ஆசையா இருந்தா அத கொளுத்திக்குங்க."