உசனார் வீட்டு இத்தா

மெம்பர் அத்தாஉல்லாவின் வயிறு கட்டிலுக்கு அடியில் போகவில்லை. தலை போயிற்று, தோளும் போயிற்று. வயிறுதான் முரண்டு பிடித்துக்கொண்டு வெளியில் நின்றது.

"மூச்ச உள்ளுக்கு இழுங்க மெம்பர்," என்றார் உசனார்.

"இழுத்துத்தான் இருக்கு. இதுக்கு மேல இழுத்தா மவுத்துதான்."

தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. உசனார் அறைக் கதவைச் சாத்தினார். செயர்மன் ஜவாஹிரின் டிரைவர் இன்சாப், காலையிலிருந்து வீடு வீடாக இந்த மெம்பரைத்தான் தேடிக்கொண்டு திரிகிறான்.

பிரதேச சபையின் குப்பை வேலையைத் தனியாருக்குக் குத்தகைக்குக் கொடுக்கும் தீர்மானம் அன்று பகல் கூட்டத்துக்கு வருகிறது. அது நிறைவேறினால், உசனாரைப் போல குப்பை ட்ரக்டரில் தற்காலிகமாகத் தொங்கிக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் இறங்கி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மன்னாரிலிருந்து உடுத்த சாரத்தோடு இடம்பெயர்ந்து வந்து, உப்பளத்திலும் கண்டக்குழி கருவாட்டு வாடியிலும் முதுகை முறித்த மனிசனுக்கு மிச்சம் இருந்தது அந்த வேலை ஒன்றுதான். கூட்டத்துக்கு ஒரு தலை குறைந்தாலும் சபை கூடாது, தீர்மானமும் கிடப்பில் கிடக்கும். அந்தத் தலை அத்தாஉல்லாவுடையது. கை தூக்கினால் தொழிலாளர் ஓட்டுப் போய்விடும், தூக்காவிட்டால் கட்சி துரத்திவிடும். காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தார். செயர்மன் டாக்டரையே அனுப்பிவிட்டார். அதனால் ஒளிந்துகொண்டார்.

அவரை உசனார் வீட்டில் கொண்டுவந்து இறக்கியவன் தொழிற்சங்கச் செயலாளர் றஸீன். "என்ட வீட்டத்தான் முதல்ல தேடுவாங்க நானா. உங்கள ஆரு தேடப்போறான்?" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

இப்போது தேடி வருகிறார்கள். உசனார் றஸீனுக்குப் போன் எடுத்தார்.

"இத்தா எண்டு சொல்லுங்க நானா," என்றான் றஸீன், கொஞ்சமும் பதறாமல். "மாப்பிள மவுத்தாகி பொம்பிள தனிய இருக்கிற அறைக்குள்ள எந்த ஆம்பிள கால் வைப்பான்?"

"அல்லாஹ் பொறுப்பானா றஸீன்?"

"பொறுப்பான். செயர்மன்தான் பொறுக்கமாட்டார். வைங்க போன."

கட்டிலுக்கடியிலிருந்து தலை மட்டும் கேட்டது: "இத்தா நாலு மாசம் பத்து நாளெல்லோ? அதுவரைக்கும் நான் இங்கயா?"

அதற்குள் இன்சாப் வாசலுக்கு வந்துவிட்டான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் நானா. வீட்டக் கொஞ்சம் பாக்கணும். செயர்மன் சொன்னார்."

"பாக்கலாம் தம்பி, பாக்கலாம். அந்த அறை மட்டும்..." உசனார் அறைக் கதவை மறித்து நின்றார். "அதுக்குள்ள இத்தா."

இன்சாப் தீயை மிதித்தவன் போலப் பின்வாங்கினான். "இன்னாலில்லாஹி! ஆரு நானா மவுத்து?"

ஆரு மவுத்து? றஸீன் அதைச் சொல்லித் தரவில்லை. உசனாரின் வாய் தானாகவே ஓடியது. "ஸுல்பிகாட ராத்தாட மாப்பிள, என்ட சகலன். இப்றாஹிம். மன்னாரில."

குசினிக்குள் ஏதோ விழுந்து உடைந்தது.

இன்சாப் நல்ல பிள்ளை. தொப்பியைச் சரிசெய்து, நின்ற நிலையிலேயே துஆ ஓதிவிட்டுப் போனான். அவன் போனதும் உசனாரின் மனைவி ஸுல்பிகா கரண்டியோடு வந்து நின்றாள்.

"குத்துக்கல்லாட்டம் இருக்கிற மனிசனைக் கொன்னுட்டீங்களே! வேற ஆளே கிடைக்கல்லயா உங்களுக்கு?"

"வாயில வந்தது அவர்தான்."

"போன பெருநாளைக்குச் சாரம் வாங்கித் தரல்ல எண்டுதானே வாயில வந்தார்?"

உசனார் பதில் சொல்லுமுன் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. இன்சாப் நல்ல பிள்ளை என்பதன் பலன் அப்போதுதான் விளங்கிற்று. மன்னாரைச் சேர்ந்த இப்றாஹிம் அவர்கள் காலமானார், அவர் குப்பை ட்ரக்டர் உசனாரின் சகலன் ஆவார் என்று, காற்று நுரைச்சோலை வரைக்கும் கொண்டுபோகும்படி அறிவித்தார்கள்.

அரைமணிக்குள் பொம்பிளைகள் வரத் தொடங்கினார்கள். இத்தா அறைக்குள் ஆம்பிளைதான் போகக்கூடாது. பொம்பிளைகள் தாராளமாகப் போகலாம். றஸீனும் அதை நினைக்கவில்லை, உசனாரும் நினைக்கவில்லை.

ஸுல்பிகா ஓடிப்போய் மெம்பரைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தாள். அவளுடைய அபாயா மெம்பரின் முழங்கையைத் தாண்டவில்லை. கடைசியில் கட்டில் விரிப்பையும் தொழுகைப் புடவையையும் சேர்த்துச் சுற்றி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வைத்தாள். பார்த்தால் உப்பு மூட்டைக்கு முக்காடு போட்டது போலிருந்தது.

"மூச்சு விடலாமா?" என்றது மூட்டை.

"அழுறமாதிரி விடுங்க," என்றாள் ஸுல்பிகா.

முதலில் நுழைந்தவள் அடுத்த வீட்டு ஸுஹைரா. உசனார் கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு, தெரிந்த ஸலவாத்து எல்லாவற்றையும் ஓதினார். இவள் ஒரு சொல் வெளியில் விட்டால் போதும். பொழுது சாயுமுன் செயர்மன் உசனாரின் பெயரை வேலையிலிருந்து வெட்டிவிடுவார். ட்ரக்டரும் இல்லை, அதன் பின்பெட்டியில் ஏறி நின்று கடற்காற்று வாங்கும் அந்த ஒரு சுகமும் இல்லை.

"மாப்பிள மன்னாரில மவுத்து. இவ ஏன் இங்க இத்தா இருக்கிறா?" என்று கேட்டாள் ஸுஹைரா.

"விருந்துக்கு வந்த இடத்தில செய்தி வந்திச்சு," என்றாள் ஸுல்பிகா.

"பாவம். நல்லா ஊதிப்போனா."

"அழுது அழுது."

"தோளுமா அழும்?"

மூட்டை இருமியது. சுருட்டுக் குடிப்பவனின் ஆழமான இருமல்.

"குரலும் போச்சு மதினி," என்றாள் ஸுல்பிகா அவசரமாக. "நீங்க போய்ச் சோத்தப் பாருங்க, அடிப்பிடிக்குது."

அந்த நேரம் உசனாரின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தார். மறுமுனையில் இப்றாஹிம்.

"சகலன், என்ட ஜனாஸா எத்தின மணிக்கு?"

உசனார் கொல்லைப்பக்கம் ஓடினார். "மச்சான், கத்தாதீங்க."

"கத்தாம? பள்ளியில சொன்னதில இருந்து ஊரே போன் எடுக்குது. கடன் வாங்கினவன்கூட எடுத்து அழுறான். நான் பஸ் ஏறிட்டன். வந்து எல்லாரையும் நேரில ஒருக்காப் பாக்கணும்."

"வராதீங்க மச்சான்! உங்கட காலப் பிடிக்கிறன். அஸர் தொழுகைக்கு முந்திக் கூட்டம் கலைஞ்சிரும். அதுமட்டும் மவுத்தாவே இருங்க. பிறகு நானே பள்ளியில சொல்லி உங்கள எழுப்புறன்."

"மதவாச்சியில இறங்கித் தேத்தண்ணி குடிப்பன். அதுக்கு மேல மவுத்தா இருக்க ஏலாது," என்று வைத்துவிட்டார்.

உசனார் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சபை மண்டபம் கண்ணுக்குள் வந்தது. நடுக்கதிரையில் செயர்மன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெறும் கதிரையைக் காட்டி, "ஆரு ஒளிச்சு வெச்சது?" என்று உறுமுவார். அந்தக் குரலை நினைத்ததும் உசனார் தன்னையறியாமல் சாரத்தை இறுக்கிக் கட்டினார்.

வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

வந்து இறங்கியது செயர்மனின் மனைவி நஸ்லா. ஊரில் யார் மவுத்தானாலும் முதல் வரிசையில் போய் நிற்பவள். ஓட்டு விசயம். அத்தாஉல்லா மெம்பரோ அவர்கள் வீட்டில் வாராவாரம் சாப்பிடுகிற ஆள். எத்தனை விரிப்புப் போட்டுச் சுற்றினாலும் அந்த முதுகை அவளுக்குத் தெரியாதா?

"ராத்தா நித்திரை மேடம்," என்று குறுக்கே நின்றார் உசனார். குரல் எலிக்குஞ்சு போல வந்தது.

"நித்திரையில பாத்தாலும் நன்மைதான்," என்றாள் நஸ்லா. ஸுஹைராவையும் மற்றவர்களையும் வெளியில் அனுப்பிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஸுல்பிகா புருஷனின் கையைப் பிடித்தாள். கலியாணமான காலத்துக்குப் பிறகு இப்போதுதான் பிடிக்கிறாள்.

"திரும்ப உப்பளத்துக்குப் போவமா?" என்றாள் மெல்ல.

"போவம்," என்றார் உசனார். "இந்த முதுகோட ஏலுமெண்டா."

உள்ளே முணுமுணுப்புக் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு. சிரிப்புத்தானா, இருமலா என்று உசனாருக்குப் பிடிபடவில்லை. பயந்தவன் காதில் எல்லாமே உறுமலாகத்தான் விழும்.

கதவு திறந்தது. நஸ்லா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. உசனார் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தார்.

"மேடம், என்னை மன்னிச்சிருங்க. செயர்மனுக்கு மட்டும் சொல்லிராதீங்க. என்ட வேலை..."

நஸ்லா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மெம்பருக்குச் சீனி வருத்தம் நானா, வெறும் தேத்தண்ணி குடுங்க. நான் நிக்க நேரமில்ல, இன்னொரு இத்தாவுக்குச் சோறு கொண்டு போகணும். ஓட்டுக்குப் பயந்தது மெம்பர் மட்டுமில்ல, இன்சாப்பத் தேடவிட்டதும் கட்சிக்குக் காட்டத்தான். விடியக்காலையில இருந்து றஸீன் வீட்டு அறைக்குள்ள முக்காடு போட்டுக்கொண்டு இருக்கிறது எங்கட செயர்மன்தான்."