இடது பக்கத்து நாற்காலி

மனைவி மறுபடியும் அந்தப் பக்கமே போய் உட்கார்ந்தாள்.

தச்சருக்கு இடது காது போய் ஒரு மாதம் ஆகிறது. பட்டறையில் எவனோ திருப்பிய பலகை காதோடு சேர்த்து அறைந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் காது சுத்தமாகக் கேட்காது. தலையைச் சட்டென்று திருப்பினால் வீடே சுற்றும்.

இத்தனை நாள் எதிரே உட்கார்ந்தவள், இப்போது தினமும் இடது பக்கம் நாற்காலி போட்டு, ஜன்னலைப் பார்த்தபடி உதட்டை அசைக்கிறாள். நடுநடுவே சிரிப்பு வேறு. ஜன்னலுக்கு நேரே, சந்துக்கு அந்தப் பக்கத்து மாடியில், தையல்காரர்.

தச்சருக்கு வயிறு எரிந்தது. கையும் களவுமாகப் பிடிக்கச் சட்டென்று திரும்பினார். வீடு சுற்றியது. கையிலிருந்த காபி மடியில்.

"யார்கிட்டடி பேசறே?"

"ஐயோ, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"தெரியும், தெரியும். எனக்கு எல்லாம் தெரியும்!"

மறுநாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, நல்ல காதை ஜன்னல் பக்கம் வைத்தார். அவளும் சுற்றி வந்து இடது பக்கமே உட்கார்ந்தாள். அங்கே வெறும் சுவர். சுவரில் கண்ணாடி. கண்ணாடியில் ஜன்னல். ஜன்னலில் தையல்காரர்!

'அடிப்பாவி, என்ன மூளை!'

திரைச்சீலையை இழுத்து மூட ஸ்டூலில் ஏறினார். சுற்றியது. திரையும் கம்பியும் அவருமாகத் தரைக்கு வந்தார்கள். இப்போது தையல்காரர் முழுசாகத் தெரிந்தார். "அடி பட்டுடுச்சா அண்ணே?" என்று கத்தரிக்கோலை ஆட்டி விசாரித்தார்.

தச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. காது போனால் போகட்டும், இவளும் போய்விட்டால்?

படிக்கட்டுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு எதிர் மாடிக்கு ஏறினார்.

"என் பொண்டாட்டி தினமும் உன்கிட்ட என்னய்யா பேசறா?"

"என்கிட்டயா? அண்ணே, விஷயம் என்னன்னா..."

"தெரியும்! தெரி..."

தலை சுற்றிக் குமட்டியது. தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக மூடினார். மற்றவர் ஒரு வாக்கியத்தை முடிக்க அன்றுதான் வழி கிடைத்தது.

"நானும் ஒருநாள் அக்காகிட்டயே கேட்டேன். அக்கா உங்ககிட்டதான் பேசறாங்கண்ணே. இருபத்திரண்டு வருஷத்துல அவங்க பேச்சைக் குறுக்கே பேசாம கேக்கறது உங்க இடது காது ஒண்ணுதானாம்!"