பம்ப் ஓடுகிறது, மேவிஸை அனுப்பி வையுங்கள்

ஹட்டர்ஸ்ஃபீல்ட்,
நவம்பர் 4

மதிப்புக்குரிய மைத்துனி ஹில்டா அவர்களுக்கு,

தங்கள் தங்கை மேவிஸின் கணவன் ஸ்டான்லி எழுதிக்கொண்டது. தாங்கள் நலமா? முழங்கால் வலி தேவலையா? தொலைபேசியில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். ஆகவே கடிதம்.

மேவிஸ் உங்களிடம் சொல்லியிருப்பதில் பாதிதான் உண்மை. அக்டோபர் முழுக்க வீட்டைச் சூடாக்கும் ஹீட்டிங்கைப் போடவில்லை என்பது உண்மை. வேண்டுமென்றே போடவில்லை என்பதும் உண்மை. ஆனால் நவம்பர் ஒன்றாம் தேதிக்கு முன்னால் ஹீட்டிங் போட்டவன் எங்கள் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்பதை அவள் சொல்லியிருக்க மாட்டாள். யார் வீட்டுச் சுவரில் பாய்லர் குழாய் வழியே முதல் ஆவி வருகிறது என்று பக்கத்து வீட்டு டெரெக் ஜன்னலிலேயே உட்கார்ந்திருப்பான். இருபத்தாறு வருஷமாக அவனிடம் நான் தோற்றதில்லை.

ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு, மேவிஸ் கோட்டும் கையுறையுமாகப் பக்கத்தில் நிற்க, சுவிட்சைப் போட்டேன். பாய்லர் பற்றியது, உறுமியது, அணைந்தது. மறுபடி பற்றியது, மறுபடி அணைந்தது. அறைகளில் உள்ள ஒன்பது சுடுநீர் ரேடியேட்டரும் தொட்டால் ஜில். காற்று அடைத்திருக்கும் என்று முதல் ரேடியேட்டரின் திருகைத் திறந்தேன். காற்று வரவில்லை. மை மாதிரித் தண்ணீர்தான் பீய்ச்சியது, அவள் ஆசையாக வாங்கிய வெளிர்மஞ்சள் கம்பளத்தின் மேல். "இன்னும் எட்டுதான் இருக்கு, பொறு"ன்னேன். "முப்பத்தெட்டு வருஷம் பொறுத்தாச்சு, ஸ்டான். அக்கா வீட்ல சுவத்தத் தொட்டாலே சுடுது"ன்னு பெட்டியத் தூக்கிட்டா.

அப்புறம்தான் நிதானமா யோசிச்சேன். சுடுதண்ணிய ரேடியேட்டருக்குத் தள்ளுற பம்புக்கு இந்தப் பக்கக் குழாய் கை வைக்க முடியாத சூடு, அந்தப் பக்கம் பச்சைத் தண்ணி. அப்போ கோளாறு பம்புலதான். அது துவாலை வைக்கிற அலமாரிக்குள்ள இருக்கு. திருப்புளியோட நுனிய பம்பு மேலயும் பிடியக் காதுலயும் வச்சுக் கேட்டுக்கிட்டிருந்தேன். டெரெக் வந்துட்டான்.

"என்னய்யா டாக்டர், நோயாளி பொழைக்குமா?"

"உள்ள முனகுது. சுத்த மாட்டேங்குது."

"ஏப்ரல்லேருந்து சும்மா கெடந்தா இறுகாம என்ன பண்ணும்? நான் கோடையிலயும் மாசம் ஒரு தடவ அஞ்சு நிமிஷம் ஓட விடுவேன்."

"கோடையிலயா! ஆவி வந்தா தெரியுமேடா!"

"ஞாயித்துக்கெழமை. நீங்கள்லாம் சர்ச்சுக்குப் போனப்புறம்."

இருபத்தாறு வருஷம், ஹில்டா. டீ போட்டுக் குடுத்தேன்.

கரண்ட நிறுத்திட்டு, பம்பு நடுவுல இருக்குற பெரிய திருகைக் கழட்டினோம். உள்ளே அச்சு நுனியில ஒரு வெட்டு இருக்கும். அதுல திருப்புளிய வச்சு நான் திருப்ப, டெரெக் என்னைத் திட்ட, மூணாவது டீக்கு 'கடக்'னு விட்டுக்குடுத்துச்சு. துவாலையெல்லாம் கறுத்துப்போச்சு, அது வேற விஷயம். கரண்ட் போட்டதும் பம்பு சுத்த ஆரம்பிச்சு, கால் மணி நேரத்துல ஒன்பதும் சூடு.

ஆனா மேவிஸ் நாற்காலி பக்கத்து ரேடியேட்டர் யாருக்கும் இல்லாம சுட்டுக்கிட்டு இருக்கு. பார்க்க எனக்குத் தாங்கல. தப்பு என்னோடதுதான்னு அவகிட்ட சொல்லுங்க. நாளைக்கே பஸ்ஸுல ஏத்தி விடுங்க.

தங்களுக்கும் தங்கள் பூனைக்கும் என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள
ஸ்டான்லி கிராப்ட்ரீ

பி.கு.: உறையை ஒட்டும்போது பம்ப் நின்றுவிட்டது. டெரெக் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, இறந்தவருக்கு மரியாதை செய்வதுபோல் தொப்பியைக் கழற்றிக்கொண்டான். புது பம்ப் வரப் பத்து நாள் ஆகுமாம். ஆகவே மேவிஸை அனுப்ப வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் நாலு மணி பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். கொஞ்சம் வேகமாகப் படியுங்கள், உங்கள் வாசலில் குளிர்கிறது.