இருபத்திரண்டு கக்கூஸும் ஒரு சாமியாரும்

தோணிரேவில் ஒரு மாதமாக மீனைப் பற்றி யாரும் பேசவில்லை. இறால் விலை ஏறியதைப் பற்றிப் பேசவில்லை. முகத்துவாரம் அடைத்துக்கொண்டதைப் பற்றிக்கூடப் பேசவில்லை. ஏரிக்கரைக்குப் போனாலும் வலை பிரிக்கிற இடத்துக்குப் போனாலும் ஒரே பேச்சு: "உன் வூட்டுக்குச் சான்று வந்துச்சா?"

அரசாங்கச் சான்று என்று நினைத்துவிடாதீர்கள். அதை யார் மதிக்கிறார்கள்! இது கிருகசித்தர் தனசேகர சுவாமிகள் தருகிற குடிபுகு சான்று. தங்கக் கலர் ஓரம், பளபளக்கிற ஸ்டிக்கர், மூலையில் சுவாமிகள் ஆசி வழங்கும் போட்டோ, மேலே லேமினேஷன். மழை வந்தாலும் நனையாது. வீடு ஒழுகலாம், சான்று ஒழுகாது.

"கவர்மென்ட் பாக்கறது செவுரு. அடியேன் பாக்கறது செவுத்துக்குள்ள இருக்கிற உசுரு" என்று பஸ் ஸ்டாப்பில் வைத்த பேனரில் சுவாமிகள் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பேனர் ஊரிலிருக்கிற எந்தப் படகையும் விட நீளம்.

ஊரில் அரசாங்க வீட்டுத் திட்டத்தில் கட்டிய புது வீடுகள் இருபத்து மூன்று. எந்த வீட்டுக்குச் சுவாமிகள் முதலில் வருவது என்று அடிதடி ஆகிவிட்டது. கடைசியில் ஊர்த் தலைவரான நாட்டார் அங்கமுத்து ஒரு வழி செய்தார். ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று பாடு பிரிக்கச் சீட்டுக் குலுக்குவார்களே, அதே மாதிரி சாமிக்கும் சீட்டுக் குலுக்கினார். இருபத்து மூன்றாவது சீட்டு, கடைசிச் சீட்டு, பானுப்ரியாவுக்கு விழுந்தது.

புருஷன் பூபதி தலையில் கையை வைத்துக்கொண்டான். பானுவுக்கோ முதல் வீட்டுக்குச் சாமி வந்துபோன அன்றே, நல்லவேளை கடைசிச் சீட்டு என்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அங்கே என்ன நடந்தது என்று அவள் நேரில் பார்த்தாள்.

சுவாமிகள் வந்தார். கூடத்தில் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து, தன் கமண்டலத்திலிருந்து தண்ணீர் ஊற்றி, குப்பியிலிருந்து 'திருஷ்டி தீர்த்தம்' இரண்டு சொட்டு விட்டார். தண்ணீர் தெளிவாக இருந்தது. "கூடம் சுத்தம்!" கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிறகு கக்கூஸுக்குப் போனார். அங்கே குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்தார். இரண்டு சொட்டு. அவ்வளவுதான், தண்ணீர் பாலாகத் திரண்டது!

"பாத்தீங்களா? இந்தக் குடித்தனத்தோட ஆயுசு பாலா வடியுது. கக்கூஸுல பேயி குந்திக்கினு குடிக்குது."

வீட்டுக்காரி அலறியே விட்டாள். பரிகாரம் கைவசம் இருந்தது. கக்கூஸை இடிக்க வேண்டும். பேசின், கதவு, குழாய் எல்லாம் தோஷம் பட்ட பொருள். ஊருக்குள் வைக்கக் கூடாது, சுவாமிகளே மினி வேனில் ஏற்றிப்போய் நடுக்கடலில் கரைப்பார். பீங்கான் பேசின் கடலில் எப்படிக் கரையும் என்று பிறந்ததிலிருந்து கடலைப் பார்க்கும் ஒருவரும் கேட்கவில்லை. தட்சணை? சுவாமிகள் பணத்தைத் தொடமாட்டார். ஒரு பெட்டி பச்சை நண்டு, பெரியதாகப் பார்த்து, ஐஸ் போட்டு.

அவருடைய விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. "உங்க பாவத்தைத் தொட்டுத் தொட்டு அடியேன் கை கருகிப்போச்சு" என்று நீட்டிக் காட்டினார். நாலு பேர் அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

இப்படியே இருபத்திரண்டு வீடு. இருபத்திரண்டு கக்கூஸ்.

மிச்சம் இருந்தது பானுவின் வீடு மட்டும். ஆறு வருஷமாக அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நகை கேட்கவில்லை, டிவி கேட்கவில்லை. தாழ்ப்பாள் போடுகிற ஒரு கதவு. விடியும் முன்னால் டார்ச்சை எடுத்துக்கொண்டு சீமைக் கருவேலங்காட்டுக்குள் போய், பாம்புக்கும் பயந்து, பைக்கில் போகிறவனுக்கும் பயந்து, பாதியில் எழுந்து நிற்கிற பிழைப்பு அவளுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. கக்கூஸ் கட்டி முடித்த அன்று அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு சும்மா அரை மணி நேரம் நின்றாள். வெளியே வந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. புதன்கிழமை ஓவர்சியர் அர்ச்சனா வீடுகளைப் பார்க்க வருகிறாள். கக்கூஸ் இல்லாத வீட்டுக்குப் பணி நிறைவுச் சான்று கிடையாது என்பது அவளுடைய சட்டம். கக்கூஸ் இருக்கிற வீட்டுக்குக் குடிபுகு சான்று கிடையாது என்பது சாமியின் சட்டம். இரண்டு சட்டத்துக்கும் நடுவில் பூபதி.

"இடிச்சிடலாம் பானு. ஓவர்சியரு வந்தா சாமி சான்ற காட்டிக்கலாம். நாட்டாரே அப்பிடித்தான் சொல்றாரு."

"நாட்டாரு வேட்டியத் தூக்கிக்கினு எங்கனா ஒதுங்கிடுவாரு. நான் எங்கய்யா ஒதுங்கறது?"

"உசுரு பெருசா, கக்கூஸு பெருசா?"

"உன் உசுரா, என் உசுரா? அத்தச் சொல்லு மொதல்ல."

பூபதி படகைப் பார்க்கப் போய்விட்டான். பானு கேள்வி கேட்கிறபோதெல்லாம் அவனுக்குப் படகு ஞாபகம் வரும்.

பானு படித்தது ஐந்தாவது. பதினைந்து வருஷமாகக் கருவாடு போடுகிறவள். இருபத்திரண்டாவது வீடு நாட்டார் அங்கமுத்துவினுடையது. அங்கே சாமி வந்த அன்று மீனுக்கு உப்புத் தடவிய கையோடு பானு கூட்டத்தில் முண்டியடித்து வேடிக்கை பார்த்தாள். சுவாமிகள் குப்பியை உதறும்போது ஒரு சொட்டுத் தெறித்து அவள் புறங்கையில் விழுந்தது. விழுந்த இடத்தில் வெள்ளையாகப் பால் மாதிரி ஒரு பொட்டு!

'என் கையில எந்தக் கக்கூஸு கீது?' என்று யோசித்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். சாயங்காலம் பார்த்தால் அந்த இடம் கறுத்திருந்தது. சோப்புப் போட்டாள், சாம்பல் போட்டாள், போகவில்லை. சாமியின் விரல் எப்படி இருந்ததோ அப்படியே.

இரண்டு நாள் பானு கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே யோசித்தாள். கமண்டலத்தில் இருப்பது சாமி காரில் கொண்டுவருகிற கேன் தண்ணீர். கக்கூஸ் குழாயில் வருவது போர் தண்ணீர். தோணிரேவு போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். வாயில் வைத்தால் துப்பிவிடும்.

அப்புறம் பானு தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

புதன்கிழமை காலை. ஓவர்சியர் வருவதற்குள் காரியத்தை முடித்துவிடலாம் என்று சுவாமிகள் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். பின்னாலேயே மினி வேன், கடப்பாரையோடு இரண்டு பேர். ஊரே பானு வீட்டு வாசலில் நின்றது.

"மொதல்ல உப்பை எடுத்துக்கினு வலது காலை வச்சு உள்ள வாம்மா" என்றார் சுவாமிகள். புது வீட்டுக்குள் முதலில் போவது உப்பு என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். "உப்பு மகாலட்சுமி. அவ வந்த எடத்துல ஒரு பேய் நிக்காது."

"இன்னொரு தபா சொல்லுங்க சாமி, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றாள் பானு, பயபக்தியோடு.

சுவாமிகள் சந்தோஷமாக இன்னும் உரக்கச் சொன்னார்.

கூடத்தில் டம்ளர் வைத்தாயிற்று. கமண்டலத் தண்ணீர், இரண்டு சொட்டு. தெளிவு. "கூடம் சுத்தம்!" கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கியது.

"இருங்க சாமி. மகாலட்சுமியயும் உள்ள வுட்டுடறேன்" என்று பானு சட்டியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து டம்ளரில் போட்டாள்.

டம்ளர் பாலாகத் திரண்டது.

கன்னத்துக்குப் போன கைகள் பாதி வழியில் நின்றுவிட்டன.

"இன்னா சாமி இது? மகாலட்சுமியப் பாத்து உங்க தீர்த்தம் பேயின்னுதே?"

"உ... உன் கையில தோஷம் இருக்கு!"

"அப்பிடியா? நாட்டாரே, நீங்க வாங்க. நீங்க சாமி கையால சான்று வாங்கின சுத்தமான ஆளு."

அங்கமுத்து இன்னொரு டம்ளரில் கமண்டலத் தண்ணீர் ஊற்றி, சாமி கீழே வைத்திருந்த குப்பியிலிருந்து சொட்டு விட்டு, உப்பைப் போட்டார். பால். பூபதி போட்டான். பால். அப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை, வரிசை கட்டி வந்து போட்டார்கள். ஊரே தோஷம்!

"இப்ப எல்லாரும் கக்கூஸுக்கு வாங்க" என்றாள் பானு. சாமியின் குப்பியையும் ஒரு கேன் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போய், கக்கூஸ் நடுவில் நின்று, டம்ளரில் ஊற்றி இரண்டு சொட்டு விட்டாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. "ஆயுசு குடிக்கிற கக்கூஸு இன்னிக்கு விரதமா சாமி? ஐயோ, இம்மாம் நாளு நம்ம போர் தண்ணியில ரெண்டு சொட்டு வுட்டுப் பாத்துட்டு, உப்புக்குப் பேயின்னு பேரு வச்சிருக்காரு இந்த ஆளு!"

அந்த நேரம் பார்த்து ஓவர்சியர் அர்ச்சனா ஸ்கூட்டியிலிருந்து இறங்கினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். டம்ளரைப் பார்த்தாள், குப்பியைப் பார்த்தாள், சுவாமிகளின் கறுத்த விரலைப் பார்த்தாள்.

"இது லேப்ல தண்ணில உப்பு பாக்கற மருந்தாச்சே. இறால் பண்ணை லேப்ல எல்லாம் வச்சிருப்பாங்க. கிளவுஸ் போடாமத் தொட்டா விரல் இப்பிடித்தான் கறுக்கும். யாரு சார் நீங்க, லேப் அசிஸ்டென்டா?"

சுவாமிகள் காரைப் பார்த்து நகர்ந்தார். கார் நகரவில்லை. டிரைவர் டேவிட் பானெட்டில் சாய்ந்து வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேவிட்டு தம்பி, எங்க ஊரு பேசினெல்லாம் எந்தக் கடல்ல கரைச்சீங்க?" என்று கேட்டாள் பானு.

"கடலா? இன்னாக்கா சொல்ற? சாமி ரோட்டு மேல லாட்ஜு கட்டறாருல்ல? இருபத்திரண்டு ரூம்பு. எல்லாத்துலயும் உங்க ஊரு பேசினுதான் மாட்டிக்கீது." கொஞ்சம் யோசித்து, உதவியாக இருக்கட்டுமே என்று சேர்த்துச் சொன்னான்: "சாமி ரூம்புக்கு மட்டும் இன்னும் ஒண்ணு கொறையுது. அதுக்குத்தான் இன்னிக்கு வந்தோம்."

பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம். சுவாமிகள் ஓடினார். எங்கே ஓடுவது? ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கருவேலங்காடு. காட்டுக்குள் ஓடினார். இடுப்பில் துணி நிற்கவில்லை, முள் ஒரு இடம் விடவில்லை. ஊர்ப் பெண்கள் தினமும் போகிற பாதை என்ன பாதை என்று அவருக்கும் அன்றைக்குத் தெரிந்தது. மறுமுனையில், அர்ச்சனா போன் போட்டு வரவழைத்த போலீஸ் ஜீப் வருகிற வரை ஆம்பளைகள் சுற்றி நின்றார்கள்.

அர்ச்சனா பானுவின் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கக்கூஸ் கதவைத் திறந்தாள், மூடினாள், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். பானுவுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. குதித்தேவிட்டாள். அங்கமுத்து லேமினேஷன் சான்றை நீட்டி, "மேடம், நம்ம வூட்டுக்கும்..." என்றார்.

"இதுல உக்கார முடியுமா நாட்டாரே?" என்றாள் அர்ச்சனா.

அங்கமுத்து சான்றை மடக்கப் பார்த்தார். லேமினேஷன் மடங்கவில்லை.

லாட்ஜிலிருந்து பேசின்கள் திரும்பி வர ஒரு மாதம் ஆனது. அது வரை ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் பானு வீட்டுக் கக்கூஸ்தான். பூபதி பேருக்கு எழுதிக்கொண்டுவந்து சாமி போட்டுவிட்டு ஓடிய சான்றைப் பானு திருப்பி, பின்பக்கம் 'ஆள் இருக்கு' என்று படகுப் பெயின்ட்டால் எழுதிக் கதவில் தொங்கவிட்டாள். அந்தச் சான்று செய்த முதல் உருப்படியான வேலை அது.

ஒரு நாள் காலை, வரிசையில் ஏழாவது ஆளாக வாளியோடு நின்ற பூபதி புலம்பினான்:

"இனிமே எந்தச் சாமிய நம்பறதுன்னே தெர்லியே பானு."

"உன் நாக்க நம்புய்யா" என்றாள் பானு. "பொறந்ததுலேர்ந்து அது, இது உப்பு, இது உப்புன்னு சொல்லிக்கினுதான் கீது. உனுக்குத்தான் கேக்கறதுக்கு டைம் இல்ல."